ஆரு சென்ன?
நமது ஆய்வுக் கட்டுரைகளின் மேற்கோள் ஒழுங்கு பற்றி ஒரு விமர்சனம்

சென்ற வருடம் ஒரு கட்டுரை என் கைக்கு வந்தது. மட்டக்களப்பு வாவியை அண்டிய முஸ்லிம் ஊர்களின் குடியேற்ற வரலாறு பற்றியது. எழுதியவர் இளம் ஆய்வாளர். ஆய்வரங்குக்குக் கொடுக்க முன் "ஒருக்காப் பார்த்துத் தாங்க சேர்" என்று அனுப்பியிருந்தார். மொழி நல்ல மொழி. உபதலைப்புகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருந்தன. கடைசியில் இரண்டரைப் பக்கத்துக்கு உசாத்துணைப் பட்டியல். நான்காம் பக்கத்தில் இப்படி ஒரு செய்தி: போர்த்துக்கேயர் விரட்டிய 4000 முஸ்லிம் குடும்பங்களைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்பில் குடியேற்றினான். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் வருடமும்.

அந்தப் பெயர் என்னுடையது.

ஏறத்தாழ இருபது வருடங்களுக்கு முன் ஒரு பாடசாலை மலருக்கு நான் எழுதிய நாலு பக்கக் கட்டுரை அது. இரவோடிரவாக எழுதியது. மலர்க் குழுவினர் காலையில் வந்து வாசலில் நின்றார்கள். அந்தத் தகவலை எந்த நூலில் பார்த்தேன் என்று அப்போதும் எனக்குத் தெரியாது. ஒரு கூட்டத்தில் யாரோ பேசக் கேட்ட ஞாபகம். அவர் 'நான்காயிரம் பேர்' என்றாரா, 'நான்காயிரம் குடும்பம்' என்றாரா என்பதும் மனதில் தெளிவாக இல்லை. 'குடும்பம்' என்று எழுதினால் கனமாக இருக்கும் என்று கை எழுதிவிட்டது. இப்போது அது ஆய்வுச் சான்றாகி, உசாத்துணைப் பட்டியலில் ஏறி, என்னிடமே திரும்பி வந்திருக்கிறது.

எங்கள் மூத்தம்மாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. குர்ஆன் மட்டும் பார்த்து ஓதுவா. படுவான்கரையிலிருந்து யாராவது வாவி கடந்து ஒரு கதையோடு வந்தால், முதலில் கேட்பது "ஆரு சென்ன?" என்றுதான். இன்னார் என்று பெயர் சொன்னால் விடமாட்டா. "அவருக்கு ஆரு சென்ன?" என்பா. அதற்கும் பதில் வந்தால் மூன்றாவது கேள்வி: "நீ கண்டயா, கேட்டயா?" இந்த மூன்று கேள்விகளையும் அந்தப் பாடசாலை மலர் எழுதிய இரவில் நான் என்னிடம் கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை வந்திராது.

மேற்கோள் காட்டுவது பற்றி நம்மிடையே இப்போது நிறையப் பேச்சு இருக்கிறது. ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் முதல் வருட மாணவருக்கே அதைக் கற்பிக்கிறார்கள். ஆனால் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் புள்ளியும் காற்புள்ளியும்தான். வருடம் அடைப்புக்குறிக்குள்ளா வெளியிலா, நூற்பெயர் சாய்வெழுத்திலா, ஏ.பி.ஏ. முறையா ஹாவார்ட் முறையா என்பதுதான். இவை வேண்டியவைதான். ஆனால் அந்த இளம் ஆய்வாளரின் கட்டுரையில் புள்ளி பிழைக்கவில்லை, காற்புள்ளி பிழைக்கவில்லை. மேற்கோள் முறைப்படி மிகச் சரியான ஒரு பிழை அது. நான் பேச வந்தது அந்த வகைப் பிழையைப் பற்றித்தான்.

நான்காயிரத்தின் சங்கிலி

அந்த எண்ணிக்கை எங்கிருந்து வந்தது? நான் தாமதமாகவேனும் தேடிப்போன வழியைச் சொல்கிறேன்.

நம்மவர் கட்டுரைகள் பலவும் போய் நிற்பது 1986இல் பேருவளை ஜாமியா நளீமியா வெளியிட்ட, கலாநிதி எம்.ஏ.எம். சுக்ரி பதிப்பித்த ஆங்கிலத் தொகுப்பில். அதில் 16ஆம், 17ஆம் நூற்றாண்டு முஸ்லிம்கள் பற்றிப் பேராசிரியர் திக்கிரி அபேசிங்க எழுதிய கட்டுரை இருக்கிறது. அதிலிருந்து இன்னும் பின்னோக்கிப் போனால் வருபவர் பெர்னாவோ டி குவைறோஸ் என்ற யேசுசபைப் பாதிரியார். இலங்கையில் போர்த்துக்கேயர் ஆட்சியைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1687இல் முடிந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1930இல் வெளியிட்டவர் எஸ்.ஜி. பெரேரா பாதிரியார். நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்த மொழிபெயர்ப்புத்தான்.

இப்போது மூத்தம்மாவின் மூன்றாவது கேள்வியைக் கேட்போம். குவைறோஸ் கண்டாரா, கேட்டாரா? அவர் எழுதியது கோவாவில் இருந்து. இலங்கை மண்ணை மிதித்தவரல்லர். சம்பவம் 1626இல், நூல் முடிந்தது 1687இல். இடையில் 60 வருடம் ஓடிவிட்டது. அவரிடம் பழைய கடிதங்களும் அறிக்கைகளும் இருந்தன, இலங்கையில் இருந்து திரும்பியவர்களின் வாய்மொழியும் இருந்தது. ஆகவே அவரை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் போர்த்துக்கேயரின் பக்கம் நின்று எழுதியவர். சோனகர் அவருக்கு எதிரிகள். எதிரியின் தொகையைக் கூட்டிச் சொல்வதற்கும் குறைத்துச் சொல்வதற்கும் அவருக்குக் காரணங்கள் இருக்கலாம். இதையெல்லாம் நிறுத்துப் பார்த்துத்தான் அந்த எண்ணிக்கையை எடுத்தாள வேண்டும்.

ஆய்வாளர்கள் அவரிடமிருந்து எடுத்திருப்பது நான்காயிரம் சோனகர் என்ற செய்தி. அதைக் 'குடும்பம்' ஆக்கியவர்களில் நானும் ஒருவன். குடும்பத்துக்கு ஐந்து பேர் என்று வைத்தாலும் 20,000 பேர் ஆகிவிடும். ஒரு சொல்லால் ஒரு சனத்தொகையை ஐந்து மடங்கு பெருக்கியிருக்கிறேன். இப்னு கல்தூன் தனது முகத்திமாவின் தொடக்கத்திலேயே இந்த நோயைப் பிடித்துக் காட்டுகிறார். மூஸா நபியின் படையில் ஆறு லட்சம் பேர் இருந்தார்கள் என்று மஸ்ஊதி முதலான வரலாற்றாசிரியர்கள் எழுதியதை எடுத்து, அத்தனை பேர் அணிவகுக்க நிலம் போதுமா, அந்தக் குறுகிய தலைமுறைகளுக்குள் ஒரு குலம் அவ்வளவு பெருகுமா என்று கணக்குப் போட்டுக் கேட்கிறார். எண்ணிக்கை என்று வந்தால் எழுதுகிறவர்களுக்குக் கை நீண்டுவிடுகிறது என்பது அவருடைய முறைப்பாடு. 14ஆம் நூற்றாண்டில் அவர் சொன்னதை 21ஆம் நூற்றாண்டின் பாடசாலை மலரில் நான் மெய்ப்பித்தேன்.

சங்கிலியை மறைத்தல்

என் பிழை இருக்கட்டும். அதைவிடப் பரவலான, அதைவிட மரியாதையான தோற்றம் கொண்ட ஒரு பிழை இருக்கிறது.

ஒருவர் அபேசிங்கவின் கட்டுரையை மட்டும் வாசிக்கிறார். அதன் அடிக்குறிப்பில் குவைறோஸின் பெயரும் பக்கமும் இருக்கின்றன. தன் கட்டுரையில் அபேசிங்கவை விட்டுவிட்டு நேரே குவைறோஸ், 1930, பக்கம் இத்தனை என்று போட்டுவிடுகிறார். பார்க்கிறவருக்கு, இவர் மூன்று பாகங்கள் கொண்ட பெருநூலைப் புரட்டிய பெரிய ஆய்வாளர் என்று தோன்றும். தகவலும் பிழையில்லை, பக்க எண்ணும் பிழையில்லை. அப்படியானால் குற்றம் எங்கே?

நமது ஹதீஸ் கலையில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: தத்லீஸ். ஓர் அறிவிப்பாளர் தான் நேரில் கேட்காத ஒன்றை, இடையில் நின்றவரின் பெயரை விட்டுவிட்டு, மேலே உள்ளவரிடமே கேட்டதுபோலத் தோன்றும்படி அறிவிப்பது. பொய் என்று நேரடியாகச் சொல்ல முடியாது, 'இன்னாரிடமிருந்து' என்றுதான் சொன்னார், 'நான் கேட்டேன்' என்று சொல்லவில்லை. ஆனால் கேட்பவர் ஏமாறுகிறார். ஷுஃபா இப்னுல் ஹஜ்ஜாஜ் இதைப் பெரும்பாவங்களோடு ஒப்பிட்டுக் கண்டித்தவர். இப்னு ஹஜர் அல்-அஸ்கலானி இப்படிச் செய்தவர்களைப் பெயர் பெயராக எடுத்து, ஐந்து தரங்களாகப் பிரித்து, தனி ஒரு நூலே எழுதினார். எவருடைய தத்லீஸைப் பொறுக்கலாம், எவரை நேரில் கேட்டதாகத் தெளிவாகச் சொன்னால் மட்டும் ஏற்கலாம், எவரை அப்படிச் சொன்னாலும் ஏற்க முடியாது என்றெல்லாம் அந்தத் தரம் பிரிப்பு போகிறது.

இவ்வளவு கடுமை ஏன்? இடையில் நிற்பவர் பலவீனமானவராக இருக்கலாம், மறைத்துவிட்டால் அந்தப் பலவீனமும் மறைந்துபோகும் என்பதற்காகத்தான். கல்வி உலகிலும் காரணம் இதுவே. அபேசிங்க பக்க எண்ணைத் தவறாகக் குறித்திருந்தால், அவரை மறைத்து எழுதுகிறவரும் அதே தவறைக் குறிப்பார். பிறகு அடுத்தவர் இரண்டு 'தனித்தனிச் சான்றுகள்' இருப்பதாக எண்ணிக்கொள்வார்.

செய்ய வேண்டியது மிகச் சுலபம். 'குவைறோஸ், அபேசிங்கவில் எடுத்தாளப்பட்டபடி' என்று எழுதி, உசாத்துணையில் தான் கையில் வைத்து வாசித்த நூலை மட்டும் போடுவது. இதற்குப் பணம் வேண்டாம், கொழும்புக்குப் பஸ் ஏறவும் வேண்டாம். கொஞ்சம் கூச்சத்தை விட்டால் போதும். "இவ்வளவு பெரிய தலைப்பு, மூல நூலைப் பார்க்கலியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அந்தக் கூச்சம்தான் நம்மில் பலரை முதல்லிஸ் ஆக்குகிறது.

ஒப்புமையை இழுத்து நீட்ட நான் விரும்பவில்லை. ஹதீஸ் தீனின் அடிப்படை. நம் கட்டுரைகள் அந்த இடத்தில் இல்லை. ஆனால் செய்தியைச் சொன்னவரின் பெயரோடு சேர்த்துச் சொல்லும் பழக்கத்தை மேற்குலகிடம் புதிதாகக் கடன் வாங்குகிறோம் என்ற எண்ணம் மட்டும் தவறு. இஸ்னாத் இல்லாவிட்டால் எவரும் எதையும் சொல்லிவிட்டுப் போவார்கள் என்ற கருத்தை அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் சொன்னதாக, ஸஹீஹ் முஸ்லிமின் முன்னுரையிலேயே இமாம் முஸ்லிம் பதிந்து வைத்திருக்கிறார். மத்ரஸாவில் அதை ஓதிக் கொடுக்கும் மௌலவி, ஊர் வரலாறு எழுதும்போது மட்டும் அடிக்குறிப்பை மறந்துவிடுகிறார். அதுதான் ஆச்சரியம்.

இருபது பேர் சொன்னாலும் ஒருவர்தான்

"பல ஆய்வாளர்கள் கூறியுள்ளனர்" என்பது நம் கட்டுரைகளில் அடிக்கடி வரும் வசனம். அந்த இளம் ஆய்வாளரும் எழுதியிருந்தார். நான்காயிரம் பற்றி அவர் காட்டிய பெயர்கள் ஐந்து. ஐந்தையும் பிடித்துப் பின்னால் போனால் எல்லாம் ஒரே குவைறோஸில் முடிகின்றன. என்னுடையது அங்கேயும் போகவில்லை, காற்றில் நிற்கிறது. ஓர் அறிவிப்பாளரிடமிருந்து இருபது பேர் கேட்டுச் சொன்னால் அது இருபது சாட்சி ஆகாது. சங்கிலியின் தொடக்கத்தில் ஒருவர் என்றால் அது ஒருவருடைய செய்திதான்.

இன்னோர் உதாரணம். இலங்கையின் முதல் முஸ்லிம்கள் கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வானின் கெடுபிடிக்குத் தப்பி வந்த ஹாஷிம் குலத்து அரபிகள் என்ற செய்தி. நம் ஊர் மலர்கள் பலவற்றில் இது வருகிறது. சான்றாகக் காட்டப்படுபவர் சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன், இலங்கையின் பிரதம நீதியரசராக இருந்தவர். 1827இல் லண்டன் றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் வெளியீட்டில் அவர் எழுதியது. மட்டக்களப்பு முஸ்லிம்களின் தொன்மைக்கும் இதையே ஆதாரமாக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஜோன்ஸ்டனை நேரே வாசித்தால் இரண்டு விடயங்கள் கண்ணில் படும். முதலாவது, அவர் இதை நிரூபணமாகச் சொல்லவில்லை, இங்குள்ள சோனகரிடையே வழங்கும் பரம்பரைக் கதை என்றே சொல்கிறார். இரண்டாவது, அந்த அரபிகள் அமைத்த எட்டுக் குடியிருப்புகளின் பெயர்களைக் கொடுக்கிறார். திருகோணமலை இருக்கிறது, யாழ்ப்பாணம் இருக்கிறது, மாந்தை-மன்னார், குதிரைமலை, புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி எல்லாம் இருக்கின்றன. மட்டக்களப்பு இல்லை.

ஆகவே அவரை வைத்து நம் ஊர்களின் தொன்மையை நிறுவ முடியாது. பட்டியலில் இல்லை என்பதால் இங்கே ஆளே இருக்கவில்லை என்றும் ஆகாது. அந்தச் சான்று நம் விடயத்தில் பேசவில்லை, அவ்வளவுதான். இதைத் தெரிந்துகொள்ள ஒரு பக்கத்தை நேரில் வாசித்தால் போதும்.

ஏன் இது சின்ன விடயமில்லை

"ஒரு அடிக்குறிப்புக்கு இவ்வளவு பெரிய கதையா?" என்று கேட்கலாம். ஓர் ஆய்வுக் கட்டுரை ஒரு சமூகத்தின் கழுத்தில் கைவைத்த கதை நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

1888இல் பொன்னம்பலம் இராமநாதன், றோயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை படித்தார். மொழி, வழக்காறு, உடற்தோற்றம் ஆகியவற்றை எடுத்துக்காட்டி, சோனகர் இஸ்லாத்தைத் தழுவிய தமிழரே என்று வாதிட்டார். அது வெறும் புத்தகப் பேச்சாக இருக்கவில்லை. சட்டசபையில் சோனகருக்குத் தனிப் பிரதிநிதி வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருந்த நேரம். மறுவருடம், 1889இல், எம்.சி. அப்துல் றஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆனாலும் இராமநாதனின் கட்டுரை அச்சில் நின்றது, சான்றாக எடுத்தாளப்பட்டது.

அதற்கு முறையான மறுப்பு 1907இல்தான் வந்தது. எழுதியவர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ். அவர் மேடையில் ஏசிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. இராமநாதனின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். அவருடைய எல்லா முடிவுகளையும் இன்று ஏற்க வேண்டும் என்பதில்லை. அரபு வம்சாவளியை அவர் அழுத்திய அளவுக்கு இன்றைய ஆய்வு அழுத்தாது. ஆனால் எதிராளியை முழுதாக வாசித்து, அவர் சொன்னதைச் சொன்னபடி எடுத்துவைத்து மறுத்த அந்த ஒழுங்கு இருக்கிறதே, அதை நாம் பின்பற்றலாம்.

இன்று நிலைமை என்ன? இந்த இரண்டையும் மேற்கோள் காட்டாத கட்டுரை கிடையாது. வாசித்தவர் எத்தனை பேர்? இராமநாதன் சொன்னதாக நம் கட்டுரைகளில் வருவது அஸீஸிடமிருந்து வருகிறது. அஸீஸ் சொன்னதாக வருவது மூன்றாமவர் ஒருவரின் சுருக்கத்திலிருந்து வருகிறது. அஸீஸ் செய்ததற்கு நேர் எதிரானதை அஸீஸின் பெயரால் செய்கிறோம்.

மட்டக்களப்பில் இது இன்னும் சூடான விடயம். யார் முதலில் வந்தார், யார் பின்னால் வந்தார் என்ற பேச்சு இங்கே காணிப் பேச்சாகவும் எல்லைப் பேச்சாகவும் மாறிவிடுகிறது. 1626 என்ற ஒரு வருடத்தைப் பிடித்து, "நீங்க அப்ப வந்தவங்கதானே" என்கிறவர்கள் ஒரு பக்கம். அதை மறுக்க, ஆதாரமில்லாத பழமையை அள்ளி வைக்கும் நம்மவர் மறுபக்கம். செனரத் சிலரைக் கொண்டுவந்து இருத்தினான் என்ற செய்தி, அதற்கு முன் இங்கே எவரும் இருக்கவில்லை என்று சொல்லவில்லை. ஒரு சான்று சொல்வதையும் சொல்லாததையும் பிரித்துக் காட்டத் தெரிந்தால் இந்தச் சண்டையில் பாதி அடங்கிவிடும்.

நம் கையிலுள்ள சான்றுகள்

இந்தப் பிரதேசத்துக்கே உரிய சான்றுகளை எடுத்தாளுவதிலும் பிழைகள் இருக்கின்றன. மூன்றைச் சொல்கிறேன்.

ஒன்று, மட்டக்களப்பு மான்மியம். 'மான்மியம் கூறுகிறது' என்று, ஏதோ ஒரே புலவர் ஒரே நாளில் எழுதிவைத்த நூல்போல எழுதுகிறோம். நம் கையில் இருப்பது எப்.எக்ஸ்.சி. நடராசா ஏட்டுப் பிரதிகளிலிருந்து எடுத்து 1962இல் பதிப்பித்த நூல். ஏடுகள் பல கைகள் பட்டவை. ஆகவே பதிப்பாசிரியர், வருடம், பக்கம் மூன்றும் வேண்டும். திமிலரை முக்குவரும் பட்டாணியரும் சேர்ந்து விரட்டிய கதை, அதை ஒட்டி ஏறாவூர், சந்திவெளி, வந்தாறுமூலை என்ற பெயர்களுக்குச் சொல்லப்படும் விளக்கங்கள், இவற்றில் எது நூலில் இருப்பது, எது ஊர்வாயில் இருப்பது என்று பிரித்து எழுத வேண்டும். 'வந்து ஆறிய மூலை' என்று யாராவது சொன்னால், யார் சொன்னார் என்றும் எழுதவேண்டும்.

இரண்டு, ஓரூரில் கண்டதை எல்லா ஊருக்கும் பூசுவது. டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969இல் இங்கு வந்து, அக்கரைப்பற்றை மையமாக வைத்துக் குடிமுறையையும் தாய்வழி முறையையும் ஆராய்ந்தார். அவருடைய பெருநூல் 2008இல் வந்தது. அதைக் காட்டி 'காத்தான்குடியில் குடிமுறை இவ்வாறு உள்ளது' என்று எழுதுவது மேற்கோள் முறைப்படி சரி, உண்மைப்படி பிழை. அக்கரைப்பற்று அக்கரைப்பற்றுத்தான்.

மூன்று, வாய்மொழி. இதுதான் என் மனதை அதிகம் வருத்துவது. நம் ஊர்ப் பெண்கள் வயலிலும் வீட்டிலும் பாடிய கவிகள், தாலாட்டுகள், மருத்துவக் குறிப்புகள் எத்தனையோ தொகுக்கப்பட்டுவிட்டன. தொகுத்தவர் பெயர் அட்டையில் பெரிதாக இருக்கும். பாடியவர் பெயர்? 'ஒரு மூதாட்டி'. எந்த ஊர், எந்த வருடம், அவவுக்கு ஆர் படிப்பித்த, ஒன்றும் கிடையாது. நூலை எழுதியவருக்கு முழுப் பெயரும் வருடமும் பக்கமும் கொடுக்கிற நாம், நூறு கவி மனதில் வைத்திருந்த பெண்ணுக்கு 'ஒரு மூதாட்டி' என்கிறோம். சொன்னவரின் பெயர், வயது, ஊர், சந்தித்த திகதி ஆகியவற்றை அவருடைய சம்மதத்தோடு எழுதுவதும் மேற்கோள் ஒழுங்குதான். பெயர் போட வேண்டாம் என்று அவர் சொன்னால் அதையும் அப்படியே எழுதலாம். கேட்காமலே பெயரை விழுங்குவதுதான் அநியாயம்.

பெயர் என்றதும் இன்னொன்று. மேலைநாட்டு முறைகள் குடும்பப் பெயரை முன்னால் போடச் சொல்கின்றன. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. முன்னெழுத்துக்குள் வாப்பாவின் பெயர் இருக்கும், ஊர்ப் பெயரும் இருக்கும். எம்.எம். உவைஸ் ஒரு பட்டியலில் 'உவைஸ்' என்றும் இன்னொன்றில் 'முகம்மது' என்றும் வந்தால் வாசகர் இரண்டு ஆட்கள் என்று நினைப்பார். ஆள் அறியப்பட்ட பெயரை முதலில் வைத்து, முன்னெழுத்துகளை விடாமல் எழுதி, கட்டுரை முழுக்க ஒரே எழுத்துக்கூட்டலைப் பேணினால் போதும். கூட்டாக எழுதியவரை விட்டுவிடவும் கூடாது. 'இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு' தொகுதிகளை உவைஸுடன் சேர்ந்து எழுதியவர் பீ.மு. அஜ்மல்கான். அவர் பெயர் உதிர்ந்துபோன உசாத்துணைப் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது புதிதாக ஒரு தொல்லையும் வந்திருக்கிறது. கணினியிடம் 'உசாத்துணை பத்துத் தா' என்று கேட்டால் தந்துவிடுகிறது. ஆசிரியர், வருடம், சஞ்சிகை, பக்கம் எல்லாம் அச்சொட்டாக இருக்கும். தேடினால் அப்படி ஒரு கட்டுரையே உலகில் இராது. ஹதீஸ் கலையில் மவ்ழூஃ என்பார்கள், இட்டுக்கட்டப்பட்டது. முன்பு இட்டுக்கட்டுவதற்கு ஆளுக்குக் கொஞ்சமாவது துணிவு வேண்டியிருந்தது. இப்போது அதுவும் தேவையில்லை. இதற்கு மருந்தும் பழையதுதான்: கையில் எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காத எதையும் பட்டியலில் ஏற்றாதே.

வசதி இல்லை என்ற நியாயம் ஒரு காலத்தில் உண்மை. ஒரு நூலைப் பார்க்கப் பேராதனைக்கோ கொழும்புக்கோ போகவேண்டியிருந்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும். இன்று 'நூலகம்' எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்களும் மலர்களும் ஆயிரக்கணக்கில் கைபேசியிலேயே திறக்கின்றன. சஞ்சிகை நடத்துகிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருக்கிறது. பக்கம் போதாது என்றால் முதலில் வெட்டுப்படுவது அடிக்குறிப்புத்தான். கட்டுரையின் வாழ்த்துரையை வெட்டுங்கள், அடிக்குறிப்பை விடுங்கள்.

எண்ணிக்கைக்குப் பின்னால் உள்ளவர்கள்

கடைசியாக ஒன்று. எழுதக் கை நடுங்குகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடியில் மீரா ஜும்ஆ பள்ளிவாசலிலும் ஹுஸைனியா பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஷஹீதானவர்கள் 103 என்று ஒரு கட்டுரை சொல்கிறது. 147 என்று இன்னொன்று சொல்கிறது. சில கட்டுரைகளில் மேலே ஒன்றும் கீழே இன்னொன்றும் இருக்கின்றன. எழுதியவர் கவனிக்கவில்லை. அடுத்த வாரம் ஏறாவூரில் நடந்ததற்கும் இதே நிலைதான்.

இந்த எண்ணிக்கைகளில் எது சரி என்று இங்கே தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் பின்னால் யார் எண்ணினார், எப்போது எண்ணினார், எந்த இடத்தை எண்ணினார் என்ற மூன்றும் எழுதப்படாவிட்டால், நாளை ஒருவர் வந்து "உங்கட கணக்கே உங்களுக்குத் தெரியாதே" என்று சொல்லி முழுச் சம்பவத்தையும் தட்டிவிட்டுப் போவார். அந்தச் சுவர்களில் துளைகள் இருக்கின்றன, பெயர்ப் பட்டியல் இருக்கிறது, பார்த்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். கண்டவர்கள் இருக்கும்போதே கேட்டு, கேட்டவர் கண்டவர் என்று பிரித்து எழுதிவைக்காவிட்டால், இன்னும் முப்பது வருடத்தில் நம் பிள்ளைகளின் கையில் 'பல ஆய்வாளர்கள் கூறியுள்ளனர்' என்ற வசனம் மட்டும்தான் மிஞ்சும்.

அந்த இளம் ஆய்வாளருக்கு நான் தொலைபேசி எடுத்தேன். "தம்பி, அந்த நாலாயிரம் குடும்பம், அது நான் பார்த்து எழுதினதில்ல. என்ட பேர எடுத்துப்போடுங்க" என்றேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ஆர்ர பேரப் போடுற சேர்?" என்று கேட்டார். சரியான கேள்வி. அபேசிங்கவை வாசித்துவிட்டு அபேசிங்கவைப் போடுங்கள், குவைறோஸைத் திறந்து பார்த்த அன்று குவைறோஸைப் போடுங்கள், 'குடும்பம்' என்பதை அழித்துவிடுங்கள் என்று சொன்னேன். அப்படியே திருத்தி அனுப்பினார். இப்போது அவருடைய உசாத்துணைப் பட்டியல் ஒன்றரைப் பக்கம்தான். கட்டுரை முன்னையதைவிட உறுதியாக நிற்கிறது.

அந்தப் பழைய பாடசாலை மலர் யாரிடமாவது இருந்தால், என் கட்டுரையில் 'குடும்பங்கள்' என்று உள்ளதை வெட்டி, ஓரத்தில் 'ஆதாரம் காட்டப்படவில்லை' என்று எழுதிவிடுங்கள். இதை என் திருத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள்.